யோகநாதனின் பேனையில் மிஞ்சிய வரி

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடியில், அருந்ததி ரீச்சர் வீட்டுக் குசினியில் எந்தப் பழைய மைப்பேனையைத் தண்ணீரில் ஊறப்போட்டாலும், அதன் சொந்தக்காரர் எழுத நினைத்து எழுதாமல் விட்ட கடைசி வரி கோப்பைக்குள் எழுத்தாக மிதக்கும். ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் நிற்கும், பிறகு கலங்கிவிடும். கிடந்த மை போனால் வரியும் போச்சு. கீழ்வீட்டுக்காரர் முதல் மாதம் வந்து பார்த்தார்கள். அதன் பிறகு அவரவருக்கு அவரவர் வேலை. பெரிய பெரிய வாக்கியம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். களனித் தபாலதிபர் ஒருவரின் பேனை, குடையை மறக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னது. தெமட்டகொடை றெயில்வேக்காரர் ஒருவருடையது 'மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதியது; யாரிடம் என்று சொல்லவில்லை. ரீச்சர் எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் பிரதி செய்து வைத்தார்.

ஊறப்போடாத பேனை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: கணவர் யோகநாதனுடைய மெரூன் நிறப் பேனை. அவர் லேசில் வாய் திறக்காத மனிசர். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைக்கூட ஒரு காகிதத் துண்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுத்தான் கந்தோருக்குப் போவார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலை, துண்டொன்றில் 'அருந்ததி,' என்று எழுதினார். அந்தக் கமாவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார். அதற்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்பது பேனைக்குள் காய்ந்து கிடந்தது. ஊறப்போட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் முடிந்துவிடும். பிறகு அவரிடமிருந்து வருவதற்கு ஒன்றுமே இராது. இந்தப் பயத்தில் ரீச்சர் பேனையை எடுப்பதும் மூக்கில் வைத்து மணந்து பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக ஆறு வருடத்தைக் கடத்தினார். அந்த மனிசரின் ஒரு சொல்லுக்காக அவர் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளறன்ஸ் வருவார். அவரும் பேனை சேர்ப்பவர். பழைய வீடுகள் காலியாகும் இடமெல்லாம் போய்ப் பொறுக்கியதை ரீச்சரிடம் கொண்டுவந்து ஊறப்போடுவார். யோகநாதனின் ஆறாம் ஆண்டு நினைவு நாள் ஒரு போயாவில் விழுந்தது. அன்று அவருடைய படத்தின் முன் பேனையை வைத்துவிட்டு ரீச்சர் சாமியறைக்குப் போனார். பேனைப் பைத்தியங்களுக்கு ஒரு குணம் உண்டு: மை காய்ந்த பேனையைக் கண்டால் கை சும்மா இராது. கிளறன்ஸ் அதைக் குசினிக்குக் கொண்டுபோய், பைப்பைத் திறந்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"இப்பிடியா காயவிடுற ரீச்சர்? நல்ல பேனை, நாசமாப் போயிருக்கும்."

ரீச்சர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பேனையை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணை, தண்ணியிலை என்ன எழுதியிருந்தது?"

"ஓடுற தண்ணியில என்னத்த தெரியும்? நான் பார்க்கல்லயே." அதைச் சொல்லும்போதே கிளறன்ஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

குசினித் தண்ணீர் கானுக்குப் போகிறது, கான் வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் கடலில் விழுகிறது. அந்த வரி மிதந்து வருமோ என்று அன்றிலிருந்து பின்னேரங்களில் ரீச்சர் றெயில் பாதையைத் தாண்டி வாய்க்கால் வாயில் போய் நின்றார். போயா நாட்களில் கிளறன்ஸும் வெள்ளை எனாமல் பேசின் ஒன்றோடு வந்து, முழங்கால்வரை இறங்கித் தண்ணீர் அள்ளி நீட்டுவார். ரீச்சர் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவார். இப்படியே நாலு மாதம் போனது.

ஒக்டோபரில் மழை கடலிலிருந்து ஏறி வந்தது. ஒழுங்கை முழுக்க உடுப்பு எடுக்க ஓடியது. வாய்க்கால் கரையில் நின்ற ரீச்சர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, பல்கனிக் கொடியில் கிடந்த வெள்ளைக் கட்டில் விரிப்பில் நீல எழுத்து ஊறியிருந்தது. 'ரு'வுக்கு நீள வால் வைக்கும் யோகநாதனின் கையெழுத்து:

அருந்ததி, மை முடியுது. நிரப்பி வையும். சொல்ல மிச்சம் கனக்கக் கிடக்கு.

ரீச்சர் விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். ஆறு வருடமாக அந்த மனிசரை மையில்லாமல் காக்கவைத்துவிட்டோமே என்றுதான் அழுதார். பிறகு முகம் கழுவி, மைப்போத்தலைத் திறந்து பேனையை நிரப்பி, அவர் இருந்த கதிரைக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

அடுத்த போயாவுக்கு வந்த கிளறன்ஸ் அந்தப் பேனை மூடி கழன்று கிடப்பதைக் கண்டார். கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டு கேட்டார்: "கழுவட்டா ரீச்சர்?"

"வேண்டாம் அண்ணை. அவர் இன்னும் எழுதி முடிக்கேல்லை."

ஞாயிறு நிரப்பினால் வியாழனுக்கு மை வற்றிவிடுகிறது. மேசையில் வைத்த காகிதம் வெள்ளையாகவே கிடக்கிறது. அதைப் பற்றி ரீச்சருக்குக் கவலையில்லை. வானம் இருண்டால் ஒழுங்கையே உடுப்பு எடுக்க ஓடுகிறது. ரீச்சர் மட்டும் வெளுத்த விரிப்பொன்றை எடுத்துக்கொண்டு கொடியில் போட ஓடுகிறார்.