அக்கா ஊதிய எண்

பூட்டுக்காரருக்கு அக்காவை விட்டால் யாரும் இல்லை. அக்காவுக்கும் அவரை விட்டால் யாரும் இல்லை. கீழே அவருடைய சாவிக்கடை, மேலே இரண்டு அறை வீடு. இருவருக்கும் தினமும் ஏதாவது ஒரு சின்னச் சண்டை இல்லாமல் பொழுது போகாது.

அக்கா இருபத்தாறு வருஷம் மெத்தை செய்யும் இடத்தில் பஞ்சு பிரித்தவள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுத்துவிட்டது. முழுசாகக் குணமாகாது, பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார் டாக்டர். ஊதிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தனுப்பினார். மூச்சை நிறைய இழுத்து, உதட்டால் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரே வேகத்தில் ஊதினால் அதிலிருக்கும் சிவப்பு முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். காலையில் மருந்து இழுப்பதற்கு முன் மூன்று தடவை ஊத வேண்டும். அதில் பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எழுதுகிற பொறுப்பு தம்பிக்கு.

முதல் வாரம் இருநூற்று எழுபதை ஒட்டியே வந்தது. நல்ல எண்தான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருநாள் அக்கா குளிக்கப் போன நேரத்தில், சும்மா இருக்க முடியாமல், குழாயைக் கழுவித் தானும் ஊதிப் பார்த்தார். முள் ஐந்நூற்று இருபதில் போய் நின்றது.

அவர் குழாயைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். சின்ன வயதில் தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஓடியவளுக்கு இப்போது தன் மூச்சில் பாதிதான் இருக்கிறது.

அன்றிலிருந்து எண் கொஞ்சம் இறங்கினாலும் அவர் விடமாட்டார். நீ சரியாக ஊதவில்லை என்பார். மருந்தை இழுக்கச் சொல்லி, அரைமணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார். அந்த எண்ணைத்தான் எழுதுவார். அதுவும் போதாத நாட்களில் பத்து இருபது தானாகவே கூட்டிக்கொள்வார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டாம் பக்கம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு சமமாக யாருக்குமே வராதே என்று கேட்டார். பூட்டுக்காரர், தான் ஊதிப் பார்த்தது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "பள்ளிக்கூடத்துல தன் மார்க்கைத் திருத்தினான். இப்ப என் மார்க்கையும் திருத்திட்டான்" என்றாள்.

நர்ஸம்மா சிரித்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, உங்க மூச்சை வச்சு இவங்களை அளக்காதீங்க. இவங்க நல்லா இருக்கிற நாள்ல என்ன வருதோ, அதுதான் இவங்க அளவு. இருநூத்தி எழுபது. பத்து இருபது ஏறும், இறங்கும். அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மூணு நாள் தொடர்ந்து இறங்கினாலோ, இருநூத்திப் பதினஞ்சுக்குக் கீழ போனாலோ எனக்கு ஃபோன் பண்ணுங்க. மூச்சு ரொம்பத் திணறினா எண்ணெல்லாம் பார்த்துட்டு உட்காராதீங்க, உடனே கூட்டிட்டு வந்துடுங்க. குறைஞ்ச எண்ணை மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

ஏழு வாரம் நோட்டு உண்மை பேசியது. எட்டாவது வாரம் இருநூற்று ஐம்பது, இருநூற்று முப்பது என்று இறங்கியது. மூன்றாம் நாள் இருநூற்றுப் பத்து. அக்காவுக்கு லேசான இருமல், அவ்வளவுதான். மறுநாள், கூட வேலை பார்த்த பழைய தோழிகளோடு வேன் வைத்துக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. இரண்டு வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது. புடவைகூட எடுத்து வைத்தாகிவிட்டது.

"இருநூத்தி ஐம்பதுன்னு எழுதேன்டா. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் பேனாவைப் பிடித்தபடி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் கேட்டு எதையும் அவர் மறுத்ததில்லை.

"எனக்குத் தெரியுமேக்கா" என்றார். இருநூற்றுப் பத்து என்று எழுதிவிட்டு ஃபோனை எடுத்தார்.

நர்ஸம்மா உடனே கூட்டிவரச் சொன்னார். அக்காவின் நெஞ்சில் சளி கட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோழிகள் அவளில்லாமலே கடற்கரைக்குப் போனார்கள். அக்கா இரண்டு நாள் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானாகவே குழாயை எடுத்து ஊதினாள். முள்ளைப் பார்த்துவிட்டு, "இருநூத்தி முப்பத்தஞ்சு. எழுதிக்கோ" என்றாள். ஏறத்தொடங்கிவிட்டது. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழிகள் ஐந்து பேரும் மாடியேறி வந்தார்கள். அறையே சந்தைக்கடை ஆனது. கடலில் யார் செருப்பைத் தொலைத்தது, யார் அலைக்குப் பயந்து வேனை விட்டே இறங்கவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா பதிலுக்கு ஒன்று சொல்லத் தொடங்கி நடுவில் மூச்சு வாங்கி நிறுத்தினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அவளுக்கு மூச்சு வரும்வரை காத்திருந்தார்கள். அவள் சொல்லி முடித்ததும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவர்களில் ஒருத்தி மட்டும் சிரித்து முடிக்க முடியாமல் வெகுநேரம் இருமினாள். இரண்டு மாதமாக இப்படித்தான், படியேறினால் மூச்சு இழுக்கிறது என்றாள். அவளும் அதே பஞ்சில் நின்றவள்தான். பூட்டுக்காரர் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, நர்ஸம்மாவின் நம்பரை எழுதி அவள் கையில் கொடுத்தார்.