பதினெட்டாவது குழி

கடிகாரக் கடை அக்காவுக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். கண் அதைவிடக் கூர்மை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்து இருபது பிராங்க் தங்கக் காசு என்று யார் போலியை நீட்டினாலும், ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, "டூப்பு, எடுத்துட்டுப் போங்க" என்பாள். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவளுடைய வெல்வெட் தட்டில் பதினெட்டுக் குழிகள். 1853 முதல் 1870 வரை வருடத்துக்கு ஒரு காசு. பதினேழு நிரம்பிவிட்டன. கடைசிக் குழி மட்டும் ஒன்பது வருடமாக அவளைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கக் கண்காட்சி. வரிசை முழுதாக இருந்தால்தான் போட்டி மேசை, இல்லாவிட்டால் கதவோரம். கதவோரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நகைப் பட்டறை வைத்திருக்கும் தம்பி வாயெல்லாம் பல்லாக வந்து ஒரு டப்பாவை நீட்டினான்.

"பழைய தங்கம்னு உருக்க வந்துச்சுக்கா. வருஷத்தைப் பாத்தேன், விடுவேனா? நானே வாங்கிட்டேன்."

திறந்தாள். 1870! அசல்தான். ஆனால் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சக்கரவர்த்தியின் தலைக்கு மேல் ஒரு வளையம், அதில் ஒரு சங்கிலி.

"தட்டுல கெடந்தா யாருக்குத் தெரியும்? கழுத்துல போட்டுக்கோ. பாலீஷும் நானே போட்டேன்."

அவள் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாலீஷில் மீசை பாதி மழுங்கியிருந்தது.

"நாசம் பண்ணிட்டியேடா! காசைத் தேய்க்கக் கூடாது, சூடு காட்டக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"எனக்கு அந்த வருஷம் மட்டுந்தான்கா மனசுல நின்னுச்சு." அவன் முகம் சுண்டிப்போயிற்று. "வளையத்த வெட்டி எடுத்துரட்டா?"

"வெட்டினா தழும்பு நிக்கும். பேசாம போ."

அவன் போனபின் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திட்டுவதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வளையத்தைப் பற்றவைத்த இடம் தெரியவே இல்லை. இன்னொரு முறை தேடினாள். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் அவளுக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. கோபம் போய்ப் பெருமையாக இருந்தது. அவளுக்கே அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தட்டைத் தம்பியின் தலையில் கட்டி, நேராகப் போட்டி மேசைக்கு நடந்தாள். நடுவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சிரித்துப் பழக்கமில்லாதவர்.

"பதினெட்டாவது எங்கம்மா?"

கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றாமல் முன்னால் நீட்டினாள். அவர் மூக்கு காசில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அசல்தான். ஆனா இதுக்குப் பரிசு வராதும்மா." பேனாவைத் திறந்து, 'குறை: பாலீஷ்' என்று எழுதி, அடுத்து வளையத்தையும் எழுதப் போனார். பின்னால் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா அந்தத் தாளின் மேல் கையை வைத்தாள்.

"பரிசு கெடக்குது சார். பாலீஷ வேணா குறைன்னு எழுதிக்கோங்க. வளையம் என் தம்பி வெச்சது. அதை அப்படியே எழுதுங்க."