சாக்பீஸ் போட்ட டயர்

டயர் கடைக்காரர் புத்தம்புது டயரை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, மேலே கத்தியை வைத்தார். ரப்பர் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு விழுந்தது.

"ஊரு உலகத்துல எல்லாரும் டயர் தேயக் கூடாதுன்னு பாப்பாங்க. நீங்க காசு குடுத்துத் தேய்க்கிறீங்களே, வீட்டுல கேக்க ஆளில்லையா?" என்றார், என் கணவரையும் அவருடைய அண்ணனையும் பார்த்து.

நானும் அக்காவும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என்றால் அந்த அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி.

"கேக்கத்தான் வந்திருக்கோம். இன்னும் கொஞ்சம் சீவுங்கன்னு," என்றாள் அக்கா.

பந்தயத்துக்குப் போகிற டயரை இப்படித்தான் தயார் செய்வார்கள், கண்ணுகளா. ரப்பர் தடிமனாக இருந்தால் வளைவில் நெளியும். சீவினால் தரையைக் கவ்வும். அப்புறம் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, சாக்குப் போட்டு மூடி, ஆற விட வேண்டும். ஒரு சூடு கண்டு ஆறிய ரப்பர்தான் நின்று பிடிக்கும். எங்கள் மாடிப்படிக்கு அடியில் அவை ஆறிக்கொண்டிருக்கும். என் கல்யாணச் சீர்ப் பாத்திரமெல்லாம் வெளியே கிடக்க, டயர்களுக்கு மட்டும் நிழல். அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு அலுத்துக்கொள்வேன். இப்போது தெருவில் டயர் கடையைக் கடந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

எனக்கும் அக்காவுக்கும் சாக்பீஸ் வேலை. டயர் தரையைத் தொடும் பகுதி முடிகிற ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம் அச்சிட்டிருக்கும். அந்த ஓரம் முழுக்க வெள்ளையாகத் தேய்த்துவிடுவோம். வளைவில் கார் சாயச் சாய சாக்பீஸ் அழியும். சரியாக முக்கோணம் வரை அழிந்திருந்தால் டயரில் காற்று அளவாக இருக்கிறது, ஓட்டியவரும் உயிரைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

பந்தயம் என்றால் பெரிய பந்தயமில்லை. கைவிட்ட பழைய விமானத் தளத்தில் கூம்புகளை நட்டு, ஆளுக்கு ஒரு ஓட்டம், கடிகாரத்தை எதிர்த்து. கூம்பைத் தட்டிவிட்டால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே கார். எப்போதும் அண்ணன்தான் முதலில். "அண்ணன் நிக்கும்போது நான் முன்னால போறதா?" என்பார் என் கணவர். கோப்பைகளெல்லாம் இவருக்குத்தான் வந்தன. அவற்றைத் துடைத்து அலமாரியில் அடுக்குகிறவர் மட்டும் அண்ணன்.

ஒருநாள் அண்ணன் ஓட்டிவிட்டு வந்தபின் டயரைத் தொட்டுப் பார்த்தேன். இதமான சூடு, அடுத்து ஓட்டுகிறவருக்குத் தரையைக் கவ்வுகிற சூடு. ஆனால் சாக்பீஸ் விரல் அகலம்கூட அழியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, மாமா வேகமாவே ஓட்டல. தம்பிக்கு டயரைச் சூடாக்கிக் குடுத்துட்டு வந்துடறாரு."

அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும். நான் அப்பவே கேட்டுட்டேன். 'சின்னவன் ஜெயிச்சா வீடே கலகலன்னு இருக்கும்டி, நான் ஜெயிச்சா நானே சிரிச்சுக்கணும்'னாரு."

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது. "மாமாவுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்தாச்சு. காரையும் வித்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டுறதோட சரி. ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் தனக்காக ஓட்டிட மாட்டாரான்னு இருக்குடி."

"இவர்கிட்ட சொல்லி முதல்ல போகச் சொல்லட்டுமா?"

"சொன்னா தம்பி ஒடிஞ்சு போயிடுவான். உங்க மாமாவும் ஒத்துக்க மாட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் இடது ஷூவைக் காணோம். மெல்லிய அடி வைத்த பழைய கேன்வாஸ் ஷூ அது. அது இல்லாமல் பெடலில் கால் வைக்க மாட்டார்.

"வீட்டுலயே விட்டுட்டீங்களோ என்னமோ," என்றாள் அக்கா, காருக்கு அடியில் வெகு அக்கறையாகத் தேடிக்கொண்டே.

"ஒரு ஷூவை மட்டும் பையில எடுத்து வெக்க நான் என்ன ஒத்தக் காலனா?"

ஒலிபெருக்கியில் எங்கள் காரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள்.

"டேய், விட்டா வெளியேத்திடுவாங்க. நீ போ," என்றார் அண்ணன்.

இவர் போனார். முதல் வளைவிலேயே காரின் பின்பக்கம் வழுக்கி, ஒரு கூம்பு பறந்தது. எப்படியோ ஓட்டத்தை முடித்துத் திரும்பி வந்தார்.

"அண்ணே, டயர் கல்லு மாதிரி இருக்குண்ணே. புடிக்கவே மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே வந்தவர் அண்ணனின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "முதல்ல போனா... எப்பவுமே இப்படித்தான் இருக்குமாண்ணே?"

"ஷூ கெடைச்சுதா பாரு," என்றார் அண்ணன்.

கழற்றி அடுக்கியிருந்த சாதா டயர்களின் குழிக்குள் கைவிட்டு, "அட, இங்கல்ல விழுந்து கெடக்கு!" என்று எடுத்தாள் அக்கா. அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விரலில் இருந்த சாக்பீஸைப் பார்த்தேன். அவர் குனிந்து முன் டயரில் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"சூடாத்தான் இருக்கு," என்றார்.

"உங்களுக்குத்தான் மாமா," என்றேன்.

இவர் அக்காவின் கையிலிருந்து ஷூவை வெடுக்கென்று வாங்கினார். தரையில் மண்டியிட்டு, அண்ணன் காலில் தானே மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினார். "போண்ணே," என்றார். நான் நாலு டயரிலும் புதிதாகச் சாக்பீஸ் தேய்த்தேன்.

கார் கிளம்பியது. அதுவரை அண்ணன் ஓட்டி நாங்கள் கேட்டிராத சத்தம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். கூம்பு விழுந்ததா என்று கேட்கக்கூட இல்லை.

திரும்பி வந்து நின்ற காரிலிருந்து ரப்பர் வாசம் குபுகுபுவென்று வந்தது. அண்ணன் இறங்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் நேரம் குறிக்கிறவர் கையில் சீட்டோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். இவர் அவரை நோக்கி ஓடினார்.

அக்கா ஓடவில்லை. முன் டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என்னையும் இழுத்து உட்கார வைத்தாள். ஓரத்துச் சாக்பீஸ் சுத்தமாக அழிந்து கறுப்பு தெரிந்தது. முக்கோணத்தின் நுனி வரை. அந்த நுனியில் அவள் விரலை வைத்தாள். டயர் சுட்டிருக்க வேண்டும். அவள் விரலை எடுக்கவே இல்லை.