உள்பக்கம் திறக்கும் கதவு

ஆணியின் எந்த முனை கூர் என்பதைத் தவிர ரெய்னோவுக்குத் தச்சு வேலையில் வேறொன்றும் தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்தில்தான் அவருக்கு வாய் நீளும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அவர் பேச, மற்றவர்கள் கைகட்டிக் கேட்டிருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு கேட்க மிஞ்சியவள் மனைவி எல்மா ஒருத்திதான்.

வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியை ஒட்டிய அந்த ஊரில் பாதிப் பேர் பின்லாந்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். வீட்டுக்கு வீடு பின்பக்கத்தில் ஒரு சவ்னா உண்டு. சின்ன மர அறை, உள்ளே கல் அடுக்கிய விறகடுப்பு. சுட்ட கல்லில் தண்ணீரை ஊற்றினால் எழும் ஆவியில் குடும்பமே உட்கார்ந்து வியர்க்கும். ரெய்னோ வீட்டின் பழைய சவ்னா இற்றுப்போனபோது, கட்டித் தர ஆள் தேட வேண்டாம், குடும்பத்துக்காகத் தானே கட்டப்போவதாக அவர் அறிவித்தார். எல்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தடுக்கவில்லை. மகள் கார்லா கோடையில் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

கார்லா வந்து வருஷங்களாகிவிட்டன. அவளுடைய விவாகரத்தைப் பற்றி ரெய்னோ விருந்து மேசையில், எல்லோருக்கும் முன்னால், தேர்வில் தோற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். அன்று போனவள்தான். இந்த முறை வந்து முகம் சுளிக்காமல் திரும்பினால், ஒவ்வொரு கோடையும் பேத்தி ஐவியைக் கொஞ்சலாம். எல்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். சவ்னா நின்றால் என்ன, விழுந்தால் என்ன.

கட்டிடம் எழும்பியது. எழும்பியது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு ஒற்றைப் பலகை போதும், இரட்டையாக அடிப்பவர்கள் மரக்கடைக்காரனைப் பணக்காரனாக்கும் மடையர்கள் என்றார். பலகைகளை வெளிப்பக்கமிருந்து குட்டி ஆணிகளால் அடித்தார். உடை மாற்றும் முன்னறையும் வீண் என்று விட்டுவிட்டார். அதெல்லாம் போகட்டும் என்று பொறுத்த எல்மா, கதவைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தாள். கதவு உள்பக்கமாகத் திறந்தது.

சவ்னா கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்பது அந்த ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். சூட்டில் மயங்கிச் சாய்ந்தால், சாய்ந்த பாரத்திலேயே கதவு திறந்துகொள்ளும். எல்மா அதைச் சொன்னாள்.

"இடுப்பளவு பனி விழுற ஊர்ல வெளிப்பக்கம் கதவு வச்சா எப்படித் திறப்பே? நம்ம தாத்தாக்கள் யோசிக்கல. நான் யோசிச்சேன்," என்றார் ரெய்னோ.

அந்த அதிமேதாவியிடம் அதற்கு மேல் வாதாடுவது வாய்க்குத்தான் கேடு என்று எல்மா விட்டுவிட்டாள். உள்பக்கம் கைப்பிடியாக ஒரு மரக்குமிழைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். அதையும் பார்த்துவிட்டுப் போனாள்.

கார்லா வந்தாள். வந்த அன்று மாலையே பெண்கள் மூவரும் முதலில் போனார்கள். ஐவி பாட்டியின் மடியில் சாய்ந்து, அடுப்பில் தண்ணீர் சீறுவதைக் கண்டு சிரித்தாள். கார்லாவும் சிரித்தாள். அடுத்த கோடையும் வருவாள் என்று எல்மாவுக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது.

போதும், வெளியே போகலாம் என்று ஐவி சொன்னபோது எல்மா குமிழைப் பிடித்து இழுத்தாள். ஆவியில் ஊறி உப்பியிருந்த கதவு அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். குமிழ் கையோடு வந்துவிட்டது.

வெளியே ரெய்னோ பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். எல்மா கூப்பிட்டுச் சொன்னாள்.

"முரட்டுத்தனமா இழுத்திருப்பே," என்றது அவர் குரல். "கீழ் விளிம்புல விரலை விடு. மெதுவா, உன் பக்கமா."

கார்லா நகங்களை விட்டு இழுத்தாள். நகம் பிய்ந்தது. அவர் வெளியிலிருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார்: கோணம் தப்பு, பதறுவதால்தான் வரவில்லை, சின்ன வயதிலிருந்தே கார்லாவுக்குப் பொறுமை கிடையாது. ஐவியின் முகம் சிவந்து, பேச்சு நின்றுவிட்டது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குழந்தையின் தலையில் எல்மா ஊற்றினாள். பெஞ்சில் மல்லாந்து, இரண்டு காலையும் சேர்த்துச் சுவரில் உதைத்தாள்.

பலகை பெயர்ந்து புல்லில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அந்த மனிதரின் வேலை அவ்வளவு மட்டமாக இருந்ததே அன்றைக்கு அவர்கள் செய்த புண்ணியம். மூவரும் பிறந்த மேனியாகச் சுவர் வழியே வெளியே வந்தார்கள். ஐவி குளிர்காற்றில் மூச்சு வாங்கி, பிறகு அழுதாள். அழுகை கேட்டதும்தான் எல்மாவுக்கு உயிர் வந்தது.

ரெய்னோ பலகைகளைப் பார்த்தார். பிறகு கதவருகே போய்த் தோளால் லேசாக ஒரு இடி இடித்தார். கதவு திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? கதவுல ஒரு குத்தமும் இல்ல."

கார்லா மகளைத் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அப்போ இவ்வளவு நேரம் நீங்க ஏம்பா தள்ளல?"

யாரும் இழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்று தலைமையாசிரியர் ஏதோ முனகினார்.

மறுநாள் காலை கார்லா பெட்டியைக் காரில் வைத்தாள். தன் பெட்டியையும் வைக்கச் சொன்னாள் எல்மா. கார்லா பின்சீட்டில் இடம் ஒதுக்கினாள்.

எல்மா சவ்னாவுக்குப் போனாள். ராத்திரி மழையில் கதவு இன்னும் உப்பியிருந்தது. ரெய்னோ உள்ளே நின்று, இனி யாரும் உதைத்துத் தள்ள முடியாதபடி பலகைகளை உள்பக்கமாக நீள ஆணிகளால் அறைந்துகொண்டிருந்தார். கடைசிப் பலகை பாக்கி. மகளோடு போகிறேன், எப்போது வருவேன் என்று தெரியாது என்றாள்.

அவர் திரும்பவில்லை. "காத்து அடிக்குது. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ."

எல்மா விளிம்பைப் பிடித்து, பலத்தையெல்லாம் கூட்டி, இறுகும்வரை இழுத்துச் சாத்தினாள்.

காரில் ஏறியதும் கார்லா கேட்டாள், "அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திட்டேன்," என்றாள் எல்மா. கோட்டுப் பையிலிருந்து மரக்குமிழை எடுத்து ஐவியிடம் விளையாடக் கொடுத்தாள்.