மற்றவையெல்லாம் கரைக்கு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், 2008ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடல் முழுவதும் கணினிக்குள் அடக்கப்பட்டுவிட்டது. இனி எந்தப் படகும் யாருக்கும் தெரியாமல் மூழ்க முடியாது.

தொடக்க விழாவில் இப்படித்தான் முழங்கினார் திட்ட ஆலோசகர் மருதுபாண்டி. மூன்றாம் வாரம் புயல் வந்தது. அதற்கு அழைப்பிதழ் போகவில்லை போலும்.

சேதுலட்சுமி அந்தத் திட்ட அலுவலகத்தின் ஒப்பந்த ஊழியர். ஏற்பாடு எளிதானது. புயல் ஓய்ந்ததும் கணக்கெடுப்பவர்கள் கடலோர வீடுகளுக்குப் போய், கடலுக்குப் போனவர் வந்தாரா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவார்கள். அதை டைப் அடித்து ஏற்றினால், 'நிலை' என்ற கட்டத்தில் உள்ள சொல்லைப் படித்து புரோகிராம் ஆளைப் பிரிக்கும். 'வந்தார்' என்றால் கரைப் பட்டியல். 'வரவில்லை' என்றால் தேடல் பட்டியல். தேடல் பட்டியலில் பெயர் விழுந்தால்தான் தேடும் கப்பல் கிளம்பும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். அத்தனை பேரும் கரை. தேடல் பட்டியல் பூஜ்யம். மருதுபாண்டி லட்டு வாங்கிவரச் சொன்னார்.

லட்டு வந்த நேரத்தில் திருப்பாலைக்குடியிலிருந்து காலிதாவும் வந்தாள். புருசன் நெய்னா முகம்மது கடலுக்குப் போய் நாலு நாளாகிறது. எந்தக் கப்பல் தேடுகிறது என்று கேட்டாள். சேதுலட்சுமி பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

“வந்துட்டாகன்னு இருக்குக்கா.”

“வந்தவுக எங்கம்மா? உன் பெட்டிக்குள்ள இருந்தா கொஞ்சம் வெளிய வரச் சொல்லு. சோறு ஆறிப்போச்சு.”

சிஸ்டம் தப்புப் பண்ணாது, சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்துப் பார்க்கலாமே என்றார் மருதுபாண்டி. காலிதா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சேதுலட்சுமி படிவக் கட்டை அவிழ்த்தாள். நெய்னா முகம்மதுவின் நிலைக் கட்டத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்' என்றிருந்தது. தேடத் தேட அதே சொல் பதினோரு படிவங்களில்.

“கணக்கெடுக்க வந்தவர்ட்ட என்னக்கா சொன்னீக?”

“வந்துக்கிட்டு இருக்காகன்னேன். எங்க கரையில எந்தப் பொம்பளையும் அப்படித்தான் சொல்லுவா. கடல்ல நிக்கிற மனுசனை வரலைன்னு நானே வாயால சொல்லி முடிச்சுவிடவா?”

கணக்கெடுத்தவர் கரிசல்காட்டுப் பக்கத்து ஆள். கடற்கரை வழக்கம் தெரியாது, நேர்மை உண்டு. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்.

இரண்டு சொல்லிலும் சேராதவர் கரைக்கு எப்படிப் போனார்? புரோகிராமைத் திறந்தாள். மூன்றாவதாக ஒரு விதி இருந்தது: மற்றவையெல்லாம் கரைக்கு. சோதனை ஓட்டத்தன்று 'வந்துட்டார்', 'வந்தாச்சு' என்று நாற்பது வரி எதிலும் சேராமல் திரையில் தேங்கி நின்றது. மேலிடத்துக்காரர்கள் முன்னால் அது அசிங்கமாக இருந்ததால், மருதுபாண்டி தம் கையாலேயே இந்த விதியை எழுதி, மொத்தமாகக் கரைக்குத் தள்ளிவிட்டிருந்தார். கூட்டுத்தொகை இடிக்காததால் அதற்கப்புறம் யாரும் திறந்து பார்க்கவில்லை.

மருதுபாண்டியிடம் காட்டினாள். இது பிழை அல்ல, வடிவமைப்பு. மாற்ற வேண்டுமானால் சென்னையிலிருந்து மூன்று கையெழுத்து வேண்டும் என்றார்.

“சார், பதினோரு பேரு.”

“பதினோரு பேருக்காக விதியை மாத்தினா, மிச்சம் முந்நூத்தியோரு பேரு கதி என்னம்மா ஆகுறது?”

கப்பலை அனுப்பும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். பட்டியலில் இல்லாத ஆளை வாய்ச்சொல்லை நம்பித் தேட முடியாது என்றார்கள்.

கையெழுத்துகள் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தன. 'வந்துட்டார்', 'வந்தாச்சு' எல்லாம் 'வந்தார்' கணக்கிலேயே சேரட்டும், எதிலும் சேராத சொல் தனியாக ஒதுங்கட்டும், ஆள் பார்த்துப் பிரிக்கட்டும் என்று விதியை மாற்றி, படிவங்களை மறுபடி ஏற்றினாள். கரை முந்நூற்று ஒன்று. ஒதுங்கியது பதினொன்று. அந்தப் பதினொன்றையும் கையால் தேடல் பட்டியலில் சேர்த்தாள். முதல் திருத்தமே மாபெரும் வெற்றி என்று மருதுபாண்டி அறிக்கைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

காலிதா இன்னும் பெஞ்சிலேயே இருந்தாள்.

“இப்ப அவுக பேரு எங்கன இருக்கு?”

“தேடுற பட்டியல்லக்கா.”

“அப்பத் தேடுவாக.”

சேதுலட்சுமி பட்டியலை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். தேடல் பட்டியல் பூஜ்யம் என்பதால், காத்திருந்த கப்பலை முந்தின நாளே திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள்.