பெயர் மாற்றிய பிறகு

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைக் முன்னால் நின்று யசோதரா படித்துக்கொண்டிருந்தது சிரிக்கிற சங்கதி அல்ல. தீக்காயப் பிரிவில் கிடந்த ஒருத்தி தன் அக்காவின் காதில் சொல்லிவிட்டுப் போன நாலு வார்த்தை. அதற்குப் போய் யார் சிரிப்பார்கள்? ஏதோ குழந்தை சேட்டை செய்திருக்கும் என்று நினைத்து அடுத்த வரிக்கு வாயெடுத்தாள். அதற்குள் சிரிப்பு இன்னும் இரண்டு மூன்று பேருக்குத் தொற்றி, பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. ஜோகுபாளையம் சமுதாயக் கூடத்தில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திரும்பின. சுவரோரம், மின்விசிறிக்குக் கீழே, சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

யசோதரா அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா மாநகராட்சியில் வேலை பார்த்துக்கொண்டே புத்த சங்கத்துக்கும் ஓடியவர். பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டு, இவள் பெரிய படிப்புப் படிப்பாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளும் படித்தாள். பெண்ணிய ஆய்வுக்கு ஃபெலோஷிப் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை அவளைத் தேர்ந்தெடுத்தபோது, நேர்முகத்தில் இருந்தவர்கள் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள்: உங்களுக்கு அங்கே ஆக்ஸஸ் இருக்கிறது. தான் வளர்ந்த தெருவுக்கு அப்படி ஒரு பெயரும் உண்டென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வருத்தப்படவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனையோ வருஷம் யார் யார் வாசலிலோ நின்றவளுக்கு, முதல் தடவையாக அவள் வாசலே ஒரு தகுதியாகிவிட்டது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம், ஸ்டவ் வெடித்துச் செத்ததாக முடிக்கப்பட்ட பெண்களின் வீட்டில் மிஞ்சியவர்கள். போனவளைப் பற்றி போலீஸ் எழுதும், பேப்பர் எழுதும். மிஞ்சியவர்கள் எப்படிச் சோறு தின்கிறார்கள், என்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று யாரும் போய்க் கேட்டதில்லை. யசோதரா கேட்டாள்.

அப்படிக் கேட்டதில் சின்னத்தாயி சொன்னதுதான் எல்லாவற்றையும் விடக் கனமானது. அவள் இட்லி மாவு ஆட்டி விற்பவள், தனிக்கட்டை. தங்கை மரகதத்தைத் தானே வளர்த்து, தண்ணீர் டேங்கர் ஓட்டும் மஞ்சுநாத்துக்குக் கட்டிக்கொடுத்தாள். மரகதம் வெந்துபோய்க் கிடந்தபோது வாக்குமூலம் வாங்க வந்த அதிகாரியிடம் ஸ்டவ் வெடித்தது என்றாள். அவர் வெளியே போனதும் அக்காவைக் குனியச் சொல்லி, 'அவருதான் மண்ணெண்ணெய ஊத்துனாரு, சொல்லிடாத, பாப்பாவ யாரு பாத்துக்குவா' என்றாள். மறுநாள் போய்விட்டாள். சின்னத்தாயி வாயைத் திறக்கவில்லை. கூலி மாதிரி பாப்பா கிடைத்தாள். ரக்ஷிதா பள்ளிக்கூடம் விட்டதும் பெரியம்மா வீட்டுக்குத்தான் வருவாள், தின்பாள், தலை பின்னிக்கொள்வாள். டேங்கர் நடை முடிந்து அப்பன் வந்து கூட்டிப்போவான். அவனுக்குச் சோறு போட்டுப் பேசி அனுப்புவாள் சின்னத்தாயி. கொலைகாரனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுவதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. பாப்பாவுக்காக அதையும் செய்தாள்.

"பேர மாத்திடுவ இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாத்தையும் மாத்திடுவேன்க்கா."

மாற்றத்தான் செய்தாள். சின்னத்தாயி ரோஸி ஆனாள், விவேக் நகர் சர்ச் வாசலில் மெழுகுவர்த்தி விற்றாள். டேங்கர் டிரைவர் தச்சனானான். தங்கை சித்தி மகளானாள், பெண் குழந்தை ஆணானது. விதிப்படி ஒலிப்பதிவை அழித்தாள். அவளுடைய வழிகாட்டி வீணா மேடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: தகவலை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்று, குரலை மட்டும் தொடாதே, அந்தப் பெண்கள் பேசினது பேசினபடி இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதியபோது அதில் ஒரு தொந்தரவும் வரவில்லை. ரோஸி பேசி முடிக்கும் இடத்தில் வருகிற ஒரு வரியை வீணா பென்சிலால் கோடிட்டு, இந்த ஒரு வரி போதும் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

அந்த வரி இதுதான்: 'சரி, அரிசி ஊற வெச்சிருக்கேன்.'

யார் எந்தப் பேச்சை எடுத்தாலும், துக்கமோ வம்போ, அதற்கு மேல் தாங்காது என்று தோன்றும்போது சின்னத்தாயி அப்படிச் சொல்லித்தான் எழுந்துபோவாள். தெருவுக்கே தெரியும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் அவளை மாதிரியே இடுப்பில் கைவைத்து அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். யசோதராவும் சின்ன வயதில் சொல்லிக் காட்டியவள்தான். தெரிந்தும் அந்த வரியை விட்டுவைத்தாள். ஆங்கிலத்தில் வாசித்து வாசித்து அது யாரோ ரோஸியின் வரியாகவே ஆகிவிட்டிருந்தது.

அறக்கட்டளையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வு யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கே முதலில் திருப்பிப் படித்துக்காட்ட வேண்டும். நல்ல வழக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூடம் எடுத்து, பேனர் கட்டி, பிரியாணிக்குச் சொல்லி, பேசிக்கொடுத்த பெண்களோடு தெருவையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். குறிப்பிட்ட சிலரை மட்டும் கூப்பிட்டால் அவர்கள்தான் என்று தெரிந்துவிடும் அல்லவா? அவ்வளவு முன்யோசனை. தமிழில் படிக்க யசோதரா ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கவில்லை. அவர்கள் பேச்சை அவர்கள் பேச்சாகவே கொடுக்க வேண்டும் என்று ஒலிப்பதிவைக் கேட்டு முன்பு எழுதிவைத்த படிக்குப் போனாள். இரண்டு நாள் வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பழகினாள். நன்றாகத்தான் படித்தாள். அந்த வரிக்கு வந்தபோது அவள் குரலே சின்னத்தாயியின் குரலாகிவிட்டது. சிரிப்பு கிளம்பியது அங்கேதான்.

மூன்றாவது வரிசையில் மஞ்சுநாத்தின் அக்கா இருந்தாள். பிரியாணிக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் மஞ்சுநாத் வந்தான். ஒரு ரகளை இல்லை, கை ஓங்கவில்லை. பாப்பாவின் பையையும் கொடியில் காய்ந்த கவுனையும் எடுத்துக்கொண்டு, "உன் கதைய நீ வெச்சுக்கோ, என் பொண்ண நான் வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். மறுநாள் ரக்ஷிதா பள்ளிக்கு வரவில்லை. கனகபுரா பக்கம் அவன் ஆட்களிடம் விட்டிருக்கிறான் என்றார்கள், இல்லை மாலூர் என்றார்கள். சின்னத்தாயி மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மட்டும் கேட் எதிரில் போய் நின்று, எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு திரும்பி வந்தாள்.

யசோதரா வீணாவிடம் ஓடினாள். வீணா நல்லவள், அதில் சந்தேகமில்லை. முழுக்கக் கேட்டாள், கண் கலங்கினாள், காபி வரவழைத்துக் கொடுத்தாள். எத்திக்ஸ் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும், அதுவரை யாரோடும் இதைப் பேச வேண்டாம், போலீஸ் பக்கம் போகவே வேண்டாம் என்றாள். அந்த அம்மாவுக்கு ஒரு வக்கீலாவது பிடித்துத் தர முடியாதா என்று யசோதரா கேட்டதற்கு, ஃபெலோக்களுக்கு என்றால் ஏற்பாடு உண்டு, மற்றவர்களுக்கு விதியில் இடமில்லை என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னாள். அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன் என்று யசோதரா சொன்னபோதுதான் வீணா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டா உன் ஸ்டடில என்ன இருக்கு, யசோ? செகண்ட் இயர் ரிவ்யூ அத வெச்சுத்தான். அவசரப்படாத. முதல்ல நீ கவுன்சிலர பாரு, உனக்கு ட்ராமா, மனசுல அடி பட்டிருக்கு. ஆறு செஷன் ஃபெலோஷிப்லயே வரும்."

யசோதராவுக்கு அந்தக் காபி கோப்பையைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. குடித்து முடித்து, தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்காகத் தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது பஸ்ஸில் வரும்போது.

இறங்கியதும் நேராகச் சின்னத்தாயி வீட்டுக்குப் போனாள். காலில் விழுவதா, அறை வாங்குவதா என்று ஒன்றும் தெரியாமல்தான் போனாள். கிரைண்டர் காய்ந்து கிடந்தது. சின்னத்தாயி அவளைத் திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"தங்கச்சி சொன்னத நான் யாருக்காக முழுங்கினேன்? பாப்பாவே போயிடுச்சு. இனிமே எனக்கு என்ன இருக்கு?" என்றாள். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஸ்டேஷனுக்கு வா. எனக்கு அங்கல்லாம் பேச வராது. நீ அன்னிக்கு மைக்ல அழகா சொன்னியே, அதே மாதிரி சொல்லு. பேர மட்டும் எங்க பேரா சொல்லு."

யசோதரா யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கமிட்டி, ரிவ்யூ, இதை வைத்துப் பிறகு கிடைக்கப்போகிற வேலை எல்லாம் அந்த வாசலில் நின்றபடியே அவள் மனசில் ஓடின. ஒலிப்பதிவு இல்லை, கையில் இருப்பது ரோஸி என்கிற ஒருத்தியின் கதை. ஆனாலும் போனாள். போகாமல் இருந்தால் இனி அந்தத் தெருவில் நடக்க முடியாது என்று தோன்றியது. வழிநெடுக மரகதம் என்ற பெயரை மட்டும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எழுதியும் அழித்தும் ஒரு வருஷமாக அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை.

ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சு முழுக்க ஆட்கள். பெண் போலீஸ் ஒருத்தி யாரிடமோ பேசிக்கொண்டே, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினாள். நின்றார்கள். இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கம் நடப்பதைத் தெருவில் யாரோ பார்த்து அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சின்னத்தாயியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், மஞ்சுநாத். காதில் வைத்தாள். அவன் சொன்னது என்னவோ, ஒரே நிமிஷம்தான். பிறகு போனுக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற யசோதராவுக்கும் கேட்டது: பெரியம்மா, அப்பா என்னைய நாளைக்கு ஸ்கூலுக்குக் கூட்டினு வர்றேன்னாரு, நீ சமத்தா இருந்தா.

சின்னத்தாயியின் முகம் அந்த நொடியில் என்னவெல்லாமோ ஆகி, பிறகு சிரிப்பில் வந்து நின்றது. குழந்தைகளோடு பேசும்போது மட்டும் வருகிற சிரிப்பு.

"சாப்ட்டியா கண்ணு? என்ன சாப்ட்ட? முட்டையா? யாரு ஊட்டி வுட்டா?"

உள்ளேயிருந்து பெண் போலீஸ் தலையை நீட்டினாள். "யாரம்மா கம்ப்ளேண்ட் கொடோது?" என்றாள் கன்னடத்தில், புகார் கொடுப்பது யார் என்று. யசோதரா ஓர் அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தாள்.

சின்னத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. போனில் முட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, இன்னொரு கையை நீட்டி யசோதராவின் வாயைப் பொத்தினாள். மாவு ஆட்டித் தேய்ந்த உள்ளங்கை, மூக்கையும் சேர்த்து அழுத்தியது. பெண் போலீஸ் இன்னொரு தடவை கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். போனில் குழந்தை ஏதோ பாட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தது. சின்னத்தாயி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், கையை எடுக்கவில்லை.