மீட்டரில் ஏறாத மைல்கள்

தேவாலயத்துக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆர்விட் அடக்கத்துக்கான கறுப்புக் கால்சட்டையும் மேலே வெறும் பனியனுமாக, கார் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார். கொட்டகைக்குள் அவர் விடும் மூச்சு புகையாக எழுந்தது. இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் பிடித்தபடி கார்லா வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, என்ன பண்றீங்க? கையெல்லாம் கிரீஸ்."

"மூடியக் கழட்டிட்டேன்." அவர் நிமிரவில்லை. "இங்க வந்து பாரு."

அவளுக்கு அந்தக் காரின் பக்கத்தில் போகப் பிடிக்கவில்லை. பின்சீட்டில் அம்மாவின் கம்பளி இன்னும் சுருண்டு கிடந்தது. கீழே ஒற்றைப் பனிக்காலணி கவிழ்ந்திருந்தது. மெக்கானிக் டெல்மர் தன் இழுவை லாரியில் கட்டி இழுத்துவந்து விட்டுப்போன மூன்று நாளில் யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்றாள். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வந்து திரும்பிப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆர்விட் காரை எடுத்தார். கார்லா பின்னால் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டாவது மைலில் எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை, சட்டென்று நின்றுவிட்டது. டயர் பனியில் உரசும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அப்பா சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் மட்டும் சுமையே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே விர்ர்.

அம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "வந்துட்டோமா?"

"வந்துட்டோம்மா," என்றாள் கார்லா.

இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை வயல்கள். அந்த வழியாக ஒரு தானிய லாரி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மடி கனத்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளை விடவில்லை. ஐரீன் சித்தி கேக்குக்கு மாவு அடிக்க மிக்ஸியைப் போட்டால் கேட்டது. பக்கத்துப் பண்ணையில் பனி தள்ளும் இயந்திரம் ஓடினால் கேட்டது. சத்தத்துக்குப் பின்னாலேயே அந்தக் கேள்வியும் வந்தது. நேற்றுத் தலை உலர்த்த டிரையரைப் போட்டவள் "வந்துட்டோம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் சித்தி, "யாரோட பேசுற?" என்றாள். இன்றைக்கு அடக்கம் என்று பேர்தானே தவிர, பூமி உறைந்து கிடப்பதால் ஏப்ரல் வரை பெட்டியைப் புதைக்காமல் கல்லறைத் தோட்டத்துக் கல் அறைக்குள்தான் வைத்திருப்பார்கள். அம்மா எங்கேயும் வந்துசேரவில்லை என்ற எண்ணம் கார்லாவின் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

"காது கேக்கலையா? வான்னா வா."

போனாள். ஆர்விட் அறுந்த டைமிங் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற பல்வைத்த ரப்பர் பட்டை அது. இத்தனை மைலுக்கு ஒரு தடவை என்று மாற்றிவிட வேண்டும். விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும்.

"பாத்தியா, பல்லெல்லாம் தேஞ்சு மொழுக்குன்னு இருக்கு. முதுகு பூரா விரிசல். இப்ப இதப் படி."

கழற்றிய மூடியில் ஒரு ஸ்டிக்கர். டெல்மரின் கோணல் கையெழுத்து. அறுபதாயிரம் மைலில் மாற்றியது, அடுத்தது ஒரு லட்சத்து இருபதாயிரத்தில்.

"மீட்டர் என்ன சொல்லுது? லட்சத்து எட்டாயிரத்து நானூறு. இன்னும் பதினோராயிரத்துக்கு மேல ஓடணும். நான் ஒரு நாளாவது மீட்டரப் பாக்காம இருந்திருக்கனா? பழைய பெல்ட்ட மாட்டிட்டு புதுசுன்னு சொல்லிட்டான் அந்தப் பய."

"டெல்மர் அப்படிப் பண்ண மாட்டார்ப்பா."

"பண்ணிருக்கான்ல? கையில வச்சிருக்கேன் பாரு! பள்ளிக்கூடத்துலேர்ந்து பழக்கம். என் கல்யாணத்துல பக்கத்துல நின்னவன். பெட்டி தூக்குற ஆறு பேருல அவன் பேர அடிச்சாச்சு. அடக்கம் முடிஞ்சு சாப்பாட்டுல எல்லாரும் உக்காந்திருக்கும்போது இத மேசையில போடப்போறேன். இனி எவனும் அவன நம்பி வண்டி விடக்கூடாது."

பெல்ட்டை மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்தார். மணிக்கணக்கில் பேசாமல் இருக்கக்கூடிய மனிதர் அவர். இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை.

 மூன்று நாளாகக் கார்லா அந்தப் பழைய மைல்களை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள், ஆனால் மனசு தானாக எண்ணிக்கொண்டே இருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு மனிதரின் பிழைப்பும் போகும்.

"அப்பா, மீட்டர் பொய் சொல்லுது."

"என்ன?"

"கேபிளக் கழட்டிட்டு ஓட்டினேன். ஃபார்கோ டவுனுக்கு. நாலு வருஷம் முன்னாடி, இந்தப் பெல்ட்டு போட்டப்புறம்."

அவர் அப்போதுதான் முழுதாக நிமிர்ந்தார்.

கேபிள் கீச்சிட்டபோது அதைக் கழற்றி எண்ணெய் விடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். பத்து மைல் தள்ளியிருக்கும் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். பண்ணைப் பாதை முடிகிற இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் திருகுவாள். வேகமுள் பூஜ்யத்தில் செத்துக் கிடக்கும். முன்னால் போகும் லாரியைப் பார்த்து வேகத்தை ஊகித்துக்கொள்வாள். திரும்பி வரும்போது வீட்டுக்கு இருபது மைலுக்கு முன்னால் மாட்டிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த அப்பாவால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. ஃபார்கோவில் அவள் பார்க்கப்போனவனுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"எத்தன மைல்?"

"கழட்டிட்டு ஓட்டினது மட்டும் ஒரு தடவைக்கு எரநூத்தி இருவது. அறுவது தடவையாவது போயிருப்பேன்."

அவர் உதடு அசைந்தது. "பதிமூணாயிரத்து எரநூறு," என்றார். ஸ்டிக்கரைப் பார்த்தார். பின்சீட்டை அவர் பார்க்கவில்லை.

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். ஸ்பானரைத் தூக்கி எறிந்தால்கூட நன்றாயிருக்கும் என்றிருந்தது. அவர் பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அந்த ஆளு உன்ன நல்லா வச்சிருந்தானா?"

"இல்லப்பா."

"சட்டையக் குடு," என்றார் ஆர்விட்.

சித்தியின் காரில் போனார்கள். தேவாலய முன்கூடத்தில் பெட்டி தூக்கும் ஐந்து பேர் கோட்டில் வெள்ளைப் பூவோடு நின்றார்கள். அட்டைப்பெட்டியில் ஒரு பூ மீந்திருந்தது. கீழ்த்தளத்திலிருந்து காப்பி வாசனையும் பன்றித்தொடைக் கறியின் வாசனையும் ஏறிவந்தன. கோட் மாட்டும் கம்பிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதவாறு, டெல்மர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறடி மனிதர் கூனிக்குறுகியிருந்தார்.

ஆர்விட் நேரே அவரிடம் போனார். "பூவ எடுத்துக் குத்திக்க. நீயும் தூக்கணும்."

டெல்மரின் முகம் கோணியது. "ஆர்விட், மூணு நாளா கண்ணு மூடலடா. சரியாத்தான் போட்டேன்னு நெனச்சேன். அந்தப் பெல்ட்ட நான் எங்க வாங்கினேன், எப்படி மாட்டினேன்னு யோசிச்சு யோசிச்சு... எங்கேயோ கோட்ட விட்டிருக்கேன். உன் மார்லிஸ நான்தான் கொன்னுட்டேன். கடையப் பூட்டிட்டேன்டா, இனி தொறக்கப்போறதில்ல. நீ மன்னிச்சியே, அது போதும்."

ஆர்விட் திரும்பினார். கார்லாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்பா சொல்லமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. கேட்காத மன்னிப்பு தானாக வந்ததென்று நினைத்துக்கொண்டு டெல்மர் வீட்டுக்குப் போய்விடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஒரு கணம் அது போதுமே என்றுதான் அவளுக்கு இருந்தது. அப்போது உள்ளே யாரோ ஆர்கனைப் போட்டார்கள். இசை தொடங்குமுன் அதன் காற்று மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றியது.

வந்துட்டோமா?

"டெல்மர், நீங்க போட்டது நல்ல பெல்ட்டுதான்," என்றாள் கார்லா. ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "மீட்டர் கேபிளக் கழட்டிட்டு நான் பதிமூணாயிரம் மைல் ஓட்டிருக்கேன். அப்பாவுக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும். பெல்ட்டு அது ஓட வேண்டியது பூரா ஓடிடுச்சு. அதுக்கு மேலயும் ஓடிச்சு. தப்பு உங்க மேல இல்ல."

டெல்மருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப மார்லிஸ்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தொப்பியைக் கம்பியில் மாட்டினார். பெட்டியிலிருந்து பூவை எடுத்தார். ஊசியைக் கோட்டில் குத்த அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஆர்விட் உதவக் கையை நீட்டி, நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீ குத்திவிடு," என்றார் மகளிடம்.

கார்லா பூவை வாங்கினாள். டெல்மர் குனியவில்லை, விலகவும் இல்லை. அவள் தலைக்கு மேலாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எம்பி நின்று தடித்த கம்பளித் துணியில் இரண்டு தடவை ஊசியைச் செலுத்தினாள். துணிக்கு அடியில் அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் விரல் கணுக்களில் பட்டது.

போதகர் கதவைத் திறந்தார். பூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டெல்மர் அதைச் சரிசெய்யாமலேயே போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.